ஆக்சிடென்ட் ஆன கார்: வாங்கலாமா, வேணாமா?

எங்க வீட்டு வாசல்ல இப்போ நிக்கிறது ஒரு ஆக்சிடென்ட் வண்டி. ஏமாந்து வாங்கல, தெரிஞ்சேதான் வாங்கினோம். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, "ஒரு கீறல் கூட படாத வண்டி தம்பி" என்று புரோக்கர் சத்தியம் பண்ணின இன்னொரு காரை வேணாம்னு விட்டுட்டு வந்தோம். இந்த ரெண்டு முடிவும் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அப்பாவுக்கு ஒரகடத்தில் ஒரு உதிரிபாக கம்பெனியில் ஷிப்ட் வேலை. பாட்டியை மாசம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். மண்ணூர்ல இருந்து அவங்களை பஸ்ல ஏத்தி இறக்குறது இனி முடியாது. அப்பா பி.எஃப்-ல இருந்து எடுத்த பணம், கையில் நாலு லட்சம் சொச்சம். தப்பா வாங்கினா அந்தப் பணம் திரும்ப வராது.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் இருந்து ஹூண்டாய், ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் தொடங்கிய ஆலை. நம்ம ஏரியாவில் கார் செய்யத் தெரிஞ்சவங்க தெருவுக்கு நாலு பேர். அந்த அறிவையே பழைய கார் பார்க்கவும் பயன்படுத்தலாம்.

முதல் கேள்வி: எங்க அடிபட்டது?

"ஆக்சிடென்ட் ஆச்சா?" என்று கேட்பதில் பயன் இல்லை. பார்க்கிங்ல கதவு நசுங்கினதும் ஆக்சிடென்ட்தான், லாரி பின்னாடி போய் சொருகினதும் ஆக்சிடென்ட்தான். கேட்க வேண்டியது, அடி எந்த பாகத்தில் நின்றது என்பதை.

காரின் பாகங்களை ரெண்டாகப் பிரிச்சுக்கோங்க. பம்பர், பானெட், முன் ஃபெண்டர், கதவு, டிக்கி மூடி எல்லாம் போல்ட் போட்டு மாட்டியவை. கழற்றி புதுசு மாட்டினால் வேலை முடிஞ்சது. பானெட்டுக்குக் கீழே ரெண்டு பக்கமும் ஓடும் சேஸிஸ் லெக், ஏப்ரான், ஏ-பில்லர், பி-பில்லர், கூரை, தளம் எல்லாம் வெல்டிங்கில் ஒட்டிய எலும்புக்கூடு. அடி இங்கே வந்திருந்தால் கணக்கே வேற.

ஏன்? 1,000 கிலோ கார் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 15 மீட்டர், போகுதுன்னு வைங்க. அதன் இயக்க ஆற்றல் 1,12,500 ஜூல். மோதும்போது இவ்வளவும் எங்கேயாவது போயாகணும். முன்பக்க லெக் அக்கார்டியன் மாதிரி மடிஞ்சு அதை வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஆட்களுக்கு மிச்சம் குறையும். பெலா பாரேன்யி என்ற பொறியாளர் 1950களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கிய யோசனை இது. 1959-ல் மெர்சிடிஸ் காரில் விற்பனைக்கு வந்தது.

இப்படி மடிவது ஒரு தடவைக்கு மட்டும்தான். மடிஞ்ச லெக்கை இழுத்து நிமிர்த்தினால் பார்வைக்கு நேராக இருக்கும். ஆனா அடுத்த மோதலில் அது எங்கே மடியணும்னு வடிவமைச்சாங்களோ அங்கே மடியாது. இப்போதைய கார்களில் பில்லர்களுக்கு ஹாட் ஸ்டாம்பிங் செய்த உறுதி மிகுந்த எஃகு போடுறாங்க. சூடாக்கி அழுத்தி, அச்சிலேயே வேகமாகக் குளிர வைத்து அந்த உறுதி வருது. பட்டறையில் கேஸ் வெல்டிங் டார்ச்சால் சூடு காட்டி நிமிர்த்தினால் அந்த இடத்தில் உறுதி போயிடும். மெட்டலர்ஜி பேப்பரில் மார்டென்சைட் பற்றிப் படிச்சதை இங்கே ஞாபகப்படுத்திக்கோங்க.

கண்ணால் கண்டுபிடிப்பது எப்படி?

*வெல்டிங்.* இன்பிளான்ட் ட்ரெயினிங்கில் பாடி ஷாப் பார்த்தவங்களுக்குத் தெரியும், ரோபோ வைக்கும் ஸ்பாட் வெல்டு சீரான இடைவெளியில், ஒரே அளவு வட்டக் குழியாக இருக்கும். ஒரு பாடியில் சில ஆயிரம் புள்ளிகள் உண்டு. பானெட்டைத் திறந்து ஏப்ரானின் ரெண்டு பக்கமும் ஒப்பிடுங்க. ஒரு பக்கம் குழி வரிசையும் மறுபக்கம் கிரைண்டர் தேய்ச்ச தடமும் இருந்தா, அங்கே கைவேலை நடந்திருக்கு. மூட்டுகளில் தடவிய சீலன்ட்டும் அப்படித்தான்: கம்பெனியில் ஒரே கோடு, பட்டறையில் மேடும் பள்ளமும்.

*போல்ட்.* ஃபெண்டர், பானெட் கீல் போல்ட்களின் தலையில் பெயின்ட் உடைஞ்சிருந்தால் கழற்றி மாட்டியிருக்காங்க. இது குற்றம் இல்லை, ஆனா ஏன்னு கேட்க ஒரு காரணம்.

*பெயின்ட்.* கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் தடிமன். மறுபடி அடிச்சிருந்தால் 200-ஐத் தாண்டும். பட்டி போட்டிருந்தால் 500, 1,000 என்று எகிறும். பெயின்ட் தடிமன் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாட்டி மெல்லிய காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்க; பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடிப்பு குறையும்.

*கண்ணாடி.* ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்புக் காலத்தைக் குறிக்கும் எழுத்தோ எண்ணோ இருக்கும். முன் கண்ணாடி மட்டும் புதுசு என்றால் பதற வேணாம். டிப்பர் லாரி தெறிக்க விடும் கல் போதும், நம்ம ரோட்டில் அது சகஜம். ஆனா பக்கக் கண்ணாடியும் அதே பக்கக் கதவும் சேர்ந்து புதுசு என்றால் அங்கே ஒரு கதை இருக்கு.

*ஏர்பேக்.* சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிஞ்சு சில விநாடிகளில் அணையணும். எரியவே இல்லை என்றால்தான் ஆபத்து அதிகம். பழுதை மறைக்க விளக்கையே துண்டிச்சிருக்கலாம். வெடிச்ச ஏர்பேக்கை மாத்தாமல் மேல் மூடியை மட்டும் மாட்டி விக்கிற ஆளுங்களும் இருக்காங்க.

வெள்ளத்தில் நின்ன வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் புறநகரிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அதே கதை. இப்படி மூழ்கிய, நசுங்கிய வண்டிகளில் பழுதுச் செலவு ஐ.டி.வி-யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் என்று முடிவு செய்யும். கூடு ஏலத்துக்குப் போகும். நிரந்தரமாக ஓட்ட முடியாத வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவின்படி 14 நாளில் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிச்சு பதிவை ரத்து செய்யணும். அப்படிச் செய்யாமல் ஆர்.சி உயிரோட இருந்தால், ஏலத்தில் எடுத்தவர் தேத்தி, பளபளன்னு ஆக்கி சந்தைக்குக் கொண்டு வர முடியும். அந்த ஆர்.சி-யைத் திருட்டு வண்டிக்கு மாட்டும் மோசடியும் உண்டு. அதனால சேஸிஸ் நம்பரை வண்டியில் நேராகப் பார்த்து ஆர்.சி-யோட ஒப்பிடுங்க. சுத்தி கிரைண்டிங் தடம் இருந்தா கிளம்பி வந்துடுங்க.

தண்ணி பார்த்த வண்டியைப் பிடிக்க: சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுங்க, கடைசி அரை அடியில் சேறு கோடு தெரியும். சீட் தண்டவாளத் துரு, கார்பெட்டுக்கு அடியில் மண், ஸ்டெப்னி குழியில் வண்டல் பாருங்க. வயரிங் கனெக்டர் உள்ளே துரு மெதுவாகப் பரவுவதால், வாங்கி ஆறு மாசம் கழிச்சும் வண்டி படுத்துக்கலாம்.

காகிதம் சொல்லும் சாட்சி

ஆர்.சி-யிலும் எம்-பரிவாகனிலும் எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி, இன்சூரன்ஸ் தேதி தெரியும். ஆக்சிடென்ட் பற்றி ஒரு வரி இருக்காது. அதுக்கு இன்சூரன்ஸ் பாலிசியில் என்.சி.பி சதவீதம் பாருங்க. கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு 20, 25, 35, 45, 50 என்று ஏறும். கிளெய்ம் செய்தால் பூஜ்யத்துக்கு விழும். ஒரே ஓனர், ஆறு வருஷ வண்டி, என்.சி.பி 20 என்றால், "முந்தின வருஷம் என்ன கிளெய்ம் அண்ணா?" என்று கேளுங்க. என்.சி.பி ஓனருக்கு உரியது, வண்டிக்கு இல்லை. அதைக் காக்கும் ஆட்-ஆனும் உண்டு. அதனால இது ஒரு துப்பு மட்டும்தான். அடுத்து ஓனரை வச்சுக்கிட்டே சர்வீஸ் சென்டரில் ரெக்கார்டு கேளுங்க. கம்பெனி பாடி ஷாப்பில் வேலை நடந்திருந்தா பில்லில் மாத்தின பாகம் வரிசையா இருக்கும்.

எங்க ரெண்டு கார்

முதல் கார், புரோக்கர் சத்தியம் பண்ணினது, 3,75,000. அதே மாடல் மத்த இடத்தில் நாலரை லட்சம். இடது ஏப்ரானில் கிரைண்டர் தடம். தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் வீல் அலைன்மென்ட் போட்டுப் பார்த்தார். இடது பக்க கேம்பர் அளவுக்குள் வரவே இல்லை. "தம்பி, லெக் இழுத்த வண்டி. பாட்டியை ஏத்தப் போறீங்க, வேணாம்" என்றார். அப்பாவுக்கு 75,000 மிச்சமாகுதேன்னு ஆசை. வண்டியில் திரும்பி வரும்போது பேசவே இல்லை.

ரெண்டாவது கார் 4,10,000. ஓனரே முதல் போன்ல சொல்லிட்டார்: "லெஃப்ட் சைடு ரெண்டு கதவும் மாத்தினது சார், பில் இருக்கு." பி-பில்லர் வெல்டு சுத்தம், பெயின்ட் தடிமன் கதவில் மட்டும் அதிகம், அலைன்மென்ட் சரி. பில்லைக் காட்டி விலையும் குறைச்சு வாங்கினோம்.

எங்க கணக்கு இதுதான்: போல்ட் பாகத்தில் மட்டும் அடி, பில் இருக்கு, விலை குறைவு என்றால் வாங்கலாம். எலும்புக்கூட்டில் அடி, ஏர்பேக் வெடிச்சு சரியா மாத்தாதது, வெள்ளம் என்றால் எந்த விலைக்கும் வேணாம். விக்கும்போது அடுத்த ஆளும் இதே கேள்வியைத்தான் கேட்பார். பில் இல்லை, ஆனா வண்டி சுத்தமா தெரியுது என்றால் சோதிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

வாங்கின பிறகும் ஒரு வேலை. ஃபார்ம் 29, 30 போட்டு பெயர் மாத்தும்போது 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்க பெயருக்கு மாத்த விண்ணப்பிங்க. தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு தானாகத் தொடரும். உங்க வண்டிக்கு வரும் சேதத்துக்கு அது உதவாது.

முந்தாநாள் பாட்டி முன் சீட்ல உக்காந்து ஆஸ்பத்திரி போனாங்க. "கதவு கெட்டியா இருக்குடா" என்றார்கள். அது புதுக் கதவு பாட்டி, அதான்.