பழைய டிஸ்க்கைக் காலி செய்யும் முன்

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. மின்விசிறி, தையல் மிஷின் போலத் தேய்மானம் உள்ள இயந்திரம்தான் அதுவும். என்றாவது ஒருநாள் நிற்கும். அதில் உள்ளவற்றைப் புதிய டிஸ்க்குக்கு மாற்றும்போது, முதலில் பார்க்க வேண்டியது பழையதன் உடல்நிலை. வேலையின் வரிசை முழுவதும் அதைப் பொறுத்தே அமையும்.

ஹார்ட் டிஸ்க்குகள் தம் நிலையைத் தாமே குறித்துவைத்துக்கொள்ளும். ஸ்மார்ட் எனப்படும் அந்தப் பதிவேட்டைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் காட்டிவிடும். அதில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும்: கெட்டுப்போனதால் மாற்று இடம் தரப்பட்ட செக்டர்கள் எத்தனை, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை எத்தனை. இரண்டும் பூஜ்யம் என்றால் ஆற அமர வேலை பார்க்கலாம். நிலுவை எண் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. 'டக், டக்' என்று சீராக அடிக்கும் சத்தம் கேட்டால், முனை தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுகிறது என்று பொருள். உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவு மீட்பவர்களிடம் கொடுப்பதே சரி. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்ற கைவைத்தியம் இன்னும் உலவுகிறது. அது தட்டில் ஈரம் படியத்தான் வழிசெய்யும்.

சத்தம் இல்லாமல், ஆனால் தடுமாறும் டிஸ்க்கில் ஒவ்வொரு வாசிப்பும் ஒரு செலவு. அதனால் திரும்பக் கிடைக்காதவை முதலில்: குடும்பப் படங்கள், கணக்குகள், கையெழுத்துப் பிரதிகள். சினிமாக்கள் கடைசியில். டிஸ்க்கைச் 'சரிசெய்யும்' கட்டளைகளை இந்த நேரத்தில் ஓட்டக் கூடாது, அவை சாகும் டிஸ்க்கின் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். லினக்ஸில் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இதற்கென்றே உருவானது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து முயலும். எதுவரை படித்தது என்று குறித்துவைப்பதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

டிஸ்க் நலமாக இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. கோப்புகளை மட்டும் காப்பி செய்வது ஒன்று. டிஸ்க்கையே அச்சு அசலாகக் குளோன் செய்வது மற்றொன்று. சி டிரைவில் தெரிகிற எல்லாவற்றையும் இழுத்துப் போட்டால் புதிய டிஸ்க்கிலிருந்து கணினி கிளம்பாது. கணினியைத் தொடங்கிவைக்கும் பகுதி கண்ணுக்குத் தெரியாத தனிப் பிரிவில் இருக்கிறது. விண்டோஸ் ஓடும்போது அதன் கோப்புகள் பலவும் பூட்டப்பட்டிருக்கும். எனவே விண்டோஸோடு சேர்த்து மாற்ற விரும்புவோர் குளோன் செய்தாக வேண்டும். பென் டிரைவிலிருந்து ஓடும் குளோன்ஜில்லா இலவசமாகவே அதைச் செய்யும்.

குளோனில் பெரிய விபத்து திசை மாறுவதுதான். எது மூலம், எது இலக்கு என்று கருவி கேட்கும்போது தவறாகச் சொன்னால், காலியான புதிய டிஸ்க் பழையதன் மேல் எழுதப்பட்டுவிடும். கொள்ளளவையும் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் ஒப்பிட்ட பிறகே 'சரி' என்று அழுத்த வேண்டும். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் மீட்புச் சாவி கையில் இருக்கட்டும். குளோன் முடிந்ததும் இரண்டு டிஸ்க்குகளுக்கும் அடையாள எண் ஒன்றே ஆகிவிடும் என்பதால், முதல் தடவை பழையதைக் கழற்றிவிட்டே கணினியைத் தொடங்க வேண்டும். பல ஆண்டுக் குப்பை சேர்ந்து தள்ளாடும் விண்டோஸைக் குளோன் செய்வது குப்பையையும் சேர்த்து வீடு மாற்றுவது போல. அங்கே புதிதாக நிறுவிவிட்டுக் கோப்புகளை மட்டும் கொண்டுவருவதே மேல்.

நேரக் கணக்கு எளிது. யுஎஸ்பி 2.0 வழியாக நடைமுறையில் நொடிக்குச் சுமார் 35 மெகாபைட் போகும். 1 டெராபைட் மாற்ற ஏறக்குறைய 8 மணி நேரம். யுஎஸ்பி 3.0 வழியாக நொடிக்கு 100 மெகாபைட் கிடைத்தால் 3 மணி நேரத்துக்குள் முடியும். ஆனால் ஒரு லட்சம் சிறு கோப்புகள், அதே அளவுள்ள சில பெரிய வீடியோக்களைவிட வெகுநேரம் பிடிக்கும், ஒவ்வொன்றையும் தேடி முனை அலைய வேண்டியிருப்பதால். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி தரும் மின்சாரம் பொதுவாகப் போதும். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், தனி அடாப்டர் உள்ள இணைப்பியைத்தான் வாங்க வேண்டும். புதிய 1 டெராபைட் டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக எண்ண வேண்டாம்: தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

கோப்புகளை மட்டும் மாற்றுவோர் மறந்து விட்டுவருவது பல. மின்னஞ்சல் நிரல்களின் பெட்டிகளும் பிரவுசரின் குறிப்புகளும் மறைந்த போல்டர்களில் இருக்கும். தமிழில் எழுதுவோருக்கு இன்னொன்று: 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாமினி, டாம், டாப் போன்ற முறைகளில் தட்டச்சு செய்த கட்டுரைகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்போடு எழுத்துருவும் வர வேண்டும். அது விண்டோஸ் போல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்ற போல்டரில் இருக்கிறது. அங்கிருந்து எடுத்துவைத்து, நேரம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது.

முடிந்ததும் இரு பக்கத்திலும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்தும் பார்க்க வேண்டும். சில வாரங்கள் பழையதைத் தொடாமல் வைத்திருக்கலாம். அதன் பிறகும் பழைய சாமான் கடைக்கு அப்படியே போட்டுவிடக் கூடாது. விரைவு ஃபார்மட் செய்த டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்டுவிடலாம். முழு டிஸ்க்கையும் ஒருமுறை பூஜ்யங்களால் நிரப்பினால் போதும். ஓடாத டிஸ்க் என்றால் துளை போடுவதுண்டு. லேப்டாப் டிஸ்க்குகள் பலவற்றில் தட்டு கண்ணாடியால் ஆனது, சில்லு சில்லாகத் தெறிக்கும், கண்ணுக்குக் காப்பு இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.