பழைய கணினியில் பெரிய ஹார்டு டிஸ்க்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அச்சகங்களின் டிசைன் அறைகளில் வேலை தொடங்கிவிடும். 20க்கு 30 அங்குலத் தாளுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று நான்கு வண்ணத்தில் ஒரு முருகன் படம் தயாரித்தால், லேயர் ஒன்றுகூட இல்லாமலே 216 எம்பி இடம் பிடிக்கும். லேயர்களோடு சேமித்தால் அதைப் போலப் பல மடங்கு. இதோடு பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி லேபிள், டைரி அட்டை. நாலு வருடத்துக்கு முன் போட்ட லேபிளைப் பார்ட்டி திடீரென்று மறுபடி கேட்பார். அதனால் எதையும் அழிக்க மனம் வராது.

இடம் தீர்ந்ததும் கணினியையே மாற்றிவிடலாம்தான். ஆனால் பழகிய பழைய மென்பொருள், அதைத் திறக்கும் டாங்கிள், புதிய விண்டோஸில் ஓடாத ஸ்கேனர் எல்லாம் அந்தப் பெட்டியை நம்பியே இருக்கும். ஒரு பெரிய ஹார்டு டிஸ்க் போட்டால் போதும் என்று முடிவு செய்வதில் தவறில்லை.

மாட்டுவது எளிய வேலை. மின் இணைப்பைப் பிடுங்கி, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னைப் போக்கிவிட்டு, டிஸ்கைத் தட்டில் வைத்துத் திருகு போட வேண்டும். மூன்றரை அங்குல டிஸ்கின் நீள அகலம் பல பத்தாண்டுகளாக மாறவே இல்லை. பட்டை கேபிள் உள்ள ஐடிஇ காலத்து மதர்போர்டு என்றால் மட்டும் சாட்டா கார்டு ஒன்று தனியாகத் தேவைப்படும்.

சிக்கல் எண்ணிக்கையில்தான் வருகிறது. டிஸ்க் தன் பரப்பை 512 பைட் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கிறது. கணினி அந்த எண்ணைச் சொல்லித்தான் எழுதவும் படிக்கவும் முடியும். பில் புத்தகத்துக்கு எண் அடிக்கும் நம்பரிங் மெஷினை அச்சகத்தார் அறிவார்கள். ஆறு சக்கரம் இருந்தால் 999999 வரை அடிக்கும். அடுத்த அடி 000000. பழைய கணினிகளிலும் சக்கரங்கள் குறைவு. அந்தக் காலத்து ஐடிஇ முறையில் எண்ணுக்கு 28 பிட் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். கணக்குப் போட்டால் 137 ஜிபியோடு எல்லை முடிகிறது. எல்லை தெரியாத மென்பொருள் அதற்கு மேல் எழுதப் போனால், எண் சுழன்று டிஸ்கின் தொடக்கத்துக்கே வந்து, அங்கே இருந்ததன் மேல் எழுதிவிடும். கோப்புகளின் பட்டியல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 2002இல் வந்த ஏடிஏ-6 தரம் இதை 48 பிட்டாக்கியது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு இந்தத் திறன் அதே ஆண்டின் முதல் சர்வீஸ் பேக்கோடு வந்தது.

இன்று கடையில் கிடைக்கும் டிஸ்குகள் முட்டிக்கொள்வது அடுத்த எல்லையில். டிஸ்கை எப்படிப் பங்கு பிரித்திருக்கிறோம் என்ற விவரம் 1983இல் வந்த எம்பிஆர் முறையில் 32 பிட் எண்களால் குறிக்கப்படுகிறது. அது கிட்டத்தட்ட 2.2 டெராபைட் வரைதான் எட்டும். 3 டெராபைட் டிஸ்கைச் சில பழைய கணினிகள் 746 ஜிபி என்று காட்டுவது இதனால்தான்: 2.2 வரை எண்ணி, சுழன்று, மிச்சத்தை மட்டும் சொல்கின்றன. டிஸ்க் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போக வேண்டியதில்லை. அதே நேரம், அந்த நிலையில் அதில் எதையும் எழுதக் கூடாது.

இதற்குத் தீர்வு ஜிபிடி என்ற புதிய பங்கீட்டு முறை. 32 பிட் எக்ஸ்பி அதைப் படிக்காது; விஸ்டாவும் அதற்குப் பின் வந்தவையும் படிக்கும். ஆனால் ஜிபிடி டிஸ்கிலிருந்தே விண்டோஸைத் தொடங்க, மதர்போர்டில் பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ இருக்க வேண்டும், விண்டோஸும் பொதுவாக 64 பிட்டாக இருக்க வேண்டும். பழைய பயாஸ் உள்ள பெட்டிக்கு நான் சிபாரிசு செய்வது இரட்டை ஏற்பாடு. விண்டோஸ் பழைய சிறு டிஸ்கிலோ, ஒரு சிறிய எஸ்எஸ்டியிலோ இருக்கட்டும்; பெரிய டிஸ்க் ஜிபிடி முறையில் கோப்புகளுக்கு மட்டும். எக்ஸ்பியை விடவே முடியாதவர்கள் 2 டெராபைட்டோடு நின்றுவிடுவது நல்லது.

4 டெராபைட் டிஸ்க் 3.63 என்று தெரிந்தால் பதற வேண்டாம். உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

மின்சாரத்தில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் கம்பியில் ஏறத்தாழ 2 ஆம்பியர் வரை இழுக்கும். பல வருடம் உழைத்துத் தளர்ந்த எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்காமல் போகலாம். சாட்டா பவர் முனை இல்லையென்று நாலு பின் முனையிலிருந்து மாற்றும் மலிவான கன்வெர்ட்டர் வாங்குகிறார்கள். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையில் கம்பிகள் உள்ளே நெருங்கி, ஷார்ட் ஆகித் தீப்பிடித்ததுண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே பதிந்து வெளியே தெரியும் வகையை வாங்குங்கள். சுற்றிலும் தாளும் இங்க்கும் அடுக்கிய அறையில் இதில் சில ரூபாய் மிச்சம் பிடிக்கவே கூடாது.

விருதுநகர் மாவட்டத்தின் சித்திரை வெயிலும் கணக்கில் சேர வேண்டும். பொதுவாக இந்த டிஸ்குகள் 60 டிகிரி செல்சியஸ் வரை இயங்கத் தகுந்தவை. காகிதத் தூசி அடைத்த பெட்டிக்குள் அந்த அளவை நெருங்குவது கடினமல்ல. முன்பக்க மின்விசிறியைச் சுத்தம் செய்து, டிஸ்குக்கு மேலும் கீழும் ஒரு தட்டு காலியாக விட்டால் காற்று போகும்.

பிறகு கோப்புகளை மாற்றும் வேலை. கட் செய்யாமல் காப்பி செய்யுங்கள். முடிந்ததும் பழையதிலும் புதியதிலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெவ்வேறு வருடத்துப் பெரிய கோப்புகள் சிலவற்றைத் திறந்தும் பாருங்கள். 137 ஜிபியைத் தாண்டும் அளவு நிரப்பிய பின் இந்தச் சோதனையைச் செய்தால்தான் எண் சுழலும் கோளாறு உண்டா என்பது தெரியும். அது தேறும்வரை பழைய டிஸ்கை ஃபார்மேட் செய்ய வேண்டாம். தேறிய பிறகும், ஆல்பத்துக்குப் போகும் டிசைன்களின் இன்னொரு பிரதி வேறொரு டிஸ்கில், அந்தப் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்.