நோவுக்கும் திசை உண்டு

வைத்தியரிடம் போனதும் எம்மவர் பலர் சொல்வது "கை நோகுது" என்பதுதான். தமிழில் தோள் முதல் விரல் நுனிவரை எல்லாமே கை. இடுப்புக்குக் கீழே பாதம்வரை எல்லாமே கால். டெனிஷ் மொழியில் அப்படியல்ல. மணிக்கட்டுக்கு மேலே 'ஆம்', கீழே 'ஹொன்'. கால் 'பேன்', பாதம் 'ஃபோத்'. எனவே முதலில் இடத்தைச் சரியாகச் சொல்லப் பழகுவோம்.

அடுத்தது அசைவு. எப்பக்கம் அசைக்கும்போது நோகிறது என்பது, எந்தத் தசையில் அல்லது மூட்டில் பழுது என்று அறிய வைத்தியருக்குப் பெரிதும் உதவும். நிமிர்ந்து நின்று, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்னே காட்டும் நிலையை வைத்தே மருத்துவர்கள் அசைவுகளுக்குப் பெயரிடுகிறார்கள். அந்த உடலை மூன்று தளங்கள் வெட்டுவதாக எண்ணிக்கொள்வோம்.

முதல் தளம் உடலை இடம் வலமாகப் பிரிக்கிறது. மடக்குதலும் நீட்டுதலும் அதன் போக்கில் நிகழ்பவை. இரண்டாவது முன் பின்னாகப் பிரிக்கிறது. கையைப் பக்கவாட்டில் உயர்த்துவது விலக்கல். திரும்பவும் உடலோடு கொண்டுவருவது சேர்த்தல். மூன்றாவது மேல் கீழாகப் பிரிக்கிறது. கழுத்தை இடம் வலம் திருப்பும் சுழற்றல் இதில் அடங்கும்.

பிசியோதெரபிஸ்ற் 'பொய்' என்றால் பயப்பட வேண்டாம், மடக்கச் சொல்கிறார். 'ஸ்ற்றெக்' என்றால் நீட்டவேண்டும். 'ட்றாய்' என்றால் திருப்பவேண்டும்.

இந்தக் கல்வி எமக்குப் புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியால் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூல் வெளிவந்தது. நாம் வாழும் ஒடென்சேயும் இத்துறையில் பெயர்பெற்றதே. 1669இல் இங்கே பிறந்த வின்ஸ்லோ, பாரிசில் புகழ்பெற்ற உடற்கூற்று ஆசிரியரானார். அவர் பெயரில் இங்கே ஒரு வீதியும் உண்டு.

வைத்தியரிடம் போகுமுன் வீட்டிலேயே அசைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த மூட்டு, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் அசைகிறது, எப்போது நோகிறது? மொழி போதாவிட்டால், நேரம் குறிக்கும்போதே 'டொல்க்' வேண்டும் என்று கேளுங்கள். பாடசாலையை விட்டுவிட்டுப் பிள்ளை வந்து மொழிபெயர்ப்பது நல்லதல்ல. அம்மாவின் இடுப்பு நோவைச் சொல்லப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொற்கள் இருக்காது. அது தவறாகச் சொன்னால், சிகிச்சையும் தவறக்கூடும். அந்தச் சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதிருப்போம்.