வழுக்கைக்கு நுரை மருந்து: யாருக்கு, எப்படி, எவ்வளவு காலம்?

ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கைக்குத் தலையில் தடவும் மருந்துகளில் அதிகம் ஆராயப்பட்டது மினாக்சிடில். திரவமாகக் கிடைத்துவந்த இந்த மருந்து, 5 சதவீத நுரை வடிவிலும் இப்போது மெடிக்கல் ஷாப்களில் கிடைக்கிறது. தகுந்த ஆளுக்கு, தகுந்த நேரத்தில், விடாமல் பயன்படுத்தினால் பலன் தரும் மருந்து இது. போன முடியை எல்லாம் திரும்பக் கொண்டுவரும் சக்தி இதற்கு இல்லை.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து உதிரும். அதே வேர்ப்பையிலிருந்து புதிய முடி கிளம்பும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. பரம்பரை வழுக்கையில் இந்தச் சுழற்சி குலைகிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனிலிருந்து உண்டாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன், மரபுவழியில் அதற்கு இலக்காகும் வேர்ப்பைகளைப் படிப்படியாகச் சுருக்குகிறது. முடி வளரும் காலம் குறைந்து, தடித்த முடி மெலிந்து, கடைசியில் பூனைமுடியாகிறது. அதனால்தான் முன்நெற்றி ஏறி, உச்சந்தலை தெரியத் தொடங்கினாலும் பின்தலை முடி அப்படியே இருக்கிறது.

மினாக்சிடில் முதலில் முடிக்கான மருந்தே அல்ல. அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் கடுமையான இரத்த அழுத்தத்துக்காக உருவாக்கிய மாத்திரை அது. 1979இல் அங்கு அனுமதி பெற்றது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததைக் கண்ட பிறகே, தலையில் தடவும் மருந்தாக மாற்றும் எண்ணம் வந்தது. 2 சதவீதத் திரவம் 1988இலும், ஆண்களுக்கான 5 சதவீத நுரை 2006இலும் அங்கு அனுமதிக்கப்பட்டன. வேர்ப்பையில் உள்ள ஒரு நொதி, மருந்தை மினாக்சிடில் சல்பேட்டாக மாற்றுகிறது. முடியின் வளர்ச்சிக் காலத்தை நீட்டிப்பது அதுதான். இந்த நொதி சிலரிடம் குறைவாக இருப்பது, எல்லோருக்கும் ஒரே பலன் கிடைக்காததற்கு ஒரு காரணம்.

திரவத்தில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கால் சிலருக்கு அரிப்பையும் செதில் உதிர்தலையும் உண்டாக்கும். நுரையில் அது இல்லை. நுரை நெற்றியில் வழியாது, சீக்கிரம் உலரும், பிசுபிசுக்காது. 2007இல் வெளியான ஆய்வில் 352 ஆண்கள் பங்கேற்றனர். 16 வாரங்களில், மருந்து நுரை தடவியவர்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 21 முடிகளும், மருந்தில்லாத நுரை தடவியவர்களுக்குச் சுமார் 5 முடிகளும் கூடின.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குருபரப்பள்ளி, சூளகிரி, ஓசூர் எனத் தொழிற்பேட்டைகள் நிறைந்த பகுதிக்கு வேலைக்கு வரும் இளைஞர்கள் பலரும் முடி கொட்டுவதற்கு போர்வெல் தண்ணீரைக் குறை சொல்வதுண்டு. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி நடுவில் முறியச் செய்யலாம், வேர்ப்பையைச் சுருக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் உண்மைதான். ஆனால் ஃபுளோரைடு முதலில் கெடுப்பது பல்லையும் எலும்பையும். ஹெல்மெட்டும் பரம்பரை வழுக்கைக்குக் காரணமல்ல. டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக முடி கொட்டுவது வேறு வகை. பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகும். நாணயம் போல வட்டமாக முடி போனாலும், தலைத்தோலில் புண்ணோ தழும்போ இருந்தாலும் நுரையை வாங்கும் முன் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பயன்படுத்தும் முறை எளிது. முடியும் தலைத்தோலும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். கைச் சூட்டில் நுரை உருகிவிடும் என்பதால் விரல்களைக் குளிர்ந்த நீரில் நனைத்துத் துடைத்துக்கொள்ளலாம். பெட்டியில் குறிப்பிட்ட அளவை எடுத்து, முடியை வகிர்ந்து, தலைத்தோலில் படும்படி காலையும் இரவும் தடவ வேண்டும். அளவைக் கூட்டினால் பலன் கூடாது. பிறகு கையைக் கழுவ வேண்டும். நான்கு மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது. ஷிஃப்ட் மாறும் தொழிலாளர்கள் கடிகார நேரத்தைப் பார்க்காமல், வேலைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை, தூங்குவதற்குச் சற்று முன் ஒருமுறை என வைத்துக்கொண்டால் தவறாது. முழுவதும் உலர்ந்த பிறகே ஹெல்மெட் போட வேண்டும். நுரையில் ஆல்கஹாலும் எளிதில் தீப்பிடிக்கும் வாயுவும் உண்டு. தடவியது உலரும்வரை பீடி, சிகரெட், வெல்டிங் பொறி, அடுப்பு எதன் அருகிலும் போகக் கூடாது. டப்பாவை வெயிலில் நிற்கும் காரிலோ பைக் பெட்டியிலோ விட்டுவைக்கவும் கூடாது.

முதல் சில வாரங்களில் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம். ஓய்வில் இருந்த பழைய முடி புதியதற்கு இடம் விடுவதால் வரும் உதிர்வு அது. பயந்து பலர் மருந்தை நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும். முழுமையாக மதிப்பிட ஓராண்டு வேண்டும். உச்சந்தலையில், அண்மையில் மெலிந்த முடிக்கே பலன் அதிகம். பல ஆண்டுகளாகப் பளபளத்துப்போன இடத்தில் எதிர்பார்க்க முடியாது. நிறுத்தினால், கிடைத்த முடி சில மாதங்களில் போய்விடும். ஆகவே தொடங்கும் முன்பே மாதச் செலவைக் கணக்கிட வேண்டும்.

அரிப்பு, தலைத்தோல் சிவத்தல், முகத்தில் முடி வளர்தல் ஆகியவை சிலருக்கு வரும். நெஞ்சு படபடப்பு, மயக்கம், நெஞ்சுவலி, கைகால் வீக்கம் கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது வேண்டாம். குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதும், வீட்டுப் பூனை நக்கிவிடாமல் பார்ப்பதும் முக்கியம். மினாக்சிடில் பூனைக்கு நஞ்சு. நுரை மட்டும் போதாதவர்களுக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரையை மருத்துவர் பரிந்துரைக்கலாம்; அதைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்பது இந்திய மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையிலேயே உள்ளது. ஒரே மாதத்தில் அடர்ந்த முடி என்று சொல்லும் எண்ணெய் விளம்பரங்களை அந்த விதியைக் கொண்டே எடைபோடலாம். 2022இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி இந்தப் பகுதி மக்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பெயர் தெரியாத எண்ணெய்க்குச் செலவிடும் முன் தோல் மருத்துவரிடம் தலையைக் காட்டி, எந்த வகை முடி உதிர்வு என்று தெரிந்துகொள்வதே சிகிச்சையின் முதல் படி.