வளங்குன்றா வணிகம் – 8: கூரைக்குள் ஓடும் குளிர்நீர்

புகைபோக்கி இல்லாத இடத்தில் மாசும் இல்லை என்ற எண்ணம் பொதுவாக வேரூன்றியிருப்பதால், ஆலைகளை நோக்கி எழும் கேள்விகள், ஆயிரக்கணக்கானோர் கணினித் திரைகளின் முன் அமர்ந்து பணிபுரியும் அலுவலக வளாகங்களை நோக்கி எழுவதில்லை. ஆனால் அவ்வளாகங்கள் விளக்குகளுக்கும் கணினிகளுக்கும், அனைத்திற்கும் மேலாகக் குளிரூட்டலுக்கும் செலவிடும் மின்சாரத்தின் பெரும்பகுதி இந்தியாவில் இன்றும் நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. அலுவலகத்திற்குரிய புகை தொலைவிலுள்ள அனல்மின் நிலையத்தில் எழுகிறது.

இந்தத் தொலைவைக் கணக்கில் கொள்வதற்காகவே பசுங்குடில் வாயுக்களை அளக்கும் பன்னாட்டு நெறிமுறை, ஒரு நிறுவனத்தின் உமிழ்வுகளை மூன்று வகைகளாகப் பிரிக்கிறது. நிறுவனத்தின் டீசல் ஜெனரேட்டர்களும் சொந்த வாகனங்களும் நேரடியாக வெளியிடுபவை முதல் வகை. விலைக்கு வாங்கும் மின்சாரத்தை உற்பத்தி செய்கையில் வெளியாகுபவை இரண்டாம் வகை. ஊழியர்களின் அன்றாடப் போக்குவரத்து, விமானப் பயணங்கள், வாங்கும் பொருள்கள் போன்றவற்றால் பிறர் கையில் நிகழ்பவை மூன்றாம் வகை. மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்குத் தன் வளாகத்திற்குள் மாற்றியமைக்கக்கூடியவற்றில் இரண்டாம் வகையே முதன்மையானது என்பதால், சீர்திருத்தம் மின் அளவியிலிருந்தே தொடங்கியாக வேண்டும்.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஃபோசிஸ் அவ்வாறு தொடங்கிய நிறுவனங்களுள் ஒன்று. 2008ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு, ஊழியர் ஒருவருக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதை அது தொடர்ந்து அளந்து வந்தது. புதிய கட்டடங்களின் நீண்ட பக்கங்களை வடக்கும் தெற்கும் நோக்கி அமைப்பது, சன்னல்களின் பரப்பைக் குறைத்து வெயில் நேரே விழாதவாறு மறைப்புகள் வைப்பது, பகல் வெளிச்சம் உட்புறம் வரை எட்டும்படி கட்டடத்தின் அகலத்தைக் கட்டுப்படுத்துவது ஆகியவை அந்த அளவீட்டைத் தொடர்ந்து வந்த மாற்றங்கள். நான்கு பக்கமும் கண்ணாடி போர்த்திய கட்டடமே நவீனத்தின் அடையாளம் என்று நகரங்கள் நம்பியிருந்த காலத்தில், வெப்பத்தை உள்ளே விட்டுப் பிறகு மின்சாரத்தால் வெளியேற்றும் வீண்செலவை இம்மாற்றங்கள் வரைபட நிலையிலேயே தடுத்தன.

இம்முயற்சியின் மிக முக்கியமான பகுதி ஹைதராபாத்தை அடுத்த போச்சாரம் வளாகத்தில் 2011இல் பயன்பாட்டிற்கு வந்த ஒரு கட்டடம். இரு சமபாதிகளைக் கொண்ட அக்கட்டடத்தின் ஒரு பாதிக்கு, அக்காலத்தின் சிறந்த தரத்தில் வடிவமைக்கப்பட்ட வழக்கமான காற்றுவழிக் குளிரூட்டலும், மறுபாதிக்குக் கதிர்வீச்சுக் குளிரூட்டலும் பொருத்தப்பட்டன. ஒரே வெயில், ஒரே வகைச் சுவர், ஒரே வகைப் பணி என மற்றவை அனைத்தும் ஒத்திருந்ததால், எந்த முறை சிக்கனமானது என்ற கேள்விக்கு விற்பனையாளரின் வாக்குறுதியை நம்பாமல் அளவியின் எண்களிலிருந்தே விடை காண முடிந்தது. இரண்டு ஆண்டுகள் அளந்ததில், கதிர்வீச்சுப் பாதி குளிரூட்டலுக்கு 34 விழுக்காடு குறைவான மின்சாரத்தையே எடுத்துக்கொண்டது.

கதிர்வீச்சுக் குளிரூட்டல் என்பது கூரையாக அமையும் கான்கிரீட் தளத்திற்குள் பதித்த குழாய்களில் குளிர்நீரை ஓடவிட்டுத் தளத்தையே குளிரவைக்கும் முறை. குளிர்ந்த அந்தப் பரப்பு, அறையிலுள்ள மனிதர்களும் கருவிகளும் வெளியிடும் வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. வழக்கமான முறையில் அறை முழுவதற்குமான குளிர்ச்சியைக் காற்றே சுமந்து செல்ல வேண்டியிருப்பதால், பெரிய மின்விசிறிகள் ஓயாது சுழல வேண்டும். ஆனால் ஒரே கனஅளவுள்ள நீர், காற்றைக் காட்டிலும் 3,000 மடங்குக்கும் மேலான வெப்பத்தைச் சுமக்க வல்லது. சிறு குழாயில் ஓடும் நீர், பெருங்குழலில் வீசும் காற்றின் வேலையைக் குறைந்த செலவில் முடித்துவிடுகிறது. மேலும் பரந்த தளம் முழுவதும் குளிர்வதால் நீரை 7 டிகிரி அளவிற்குக் குளிர்விக்க வேண்டியதில்லை. 14 டிகிரியை ஒட்டிய நீரே போதும் என்பதால் குளிர்நீர் இயந்திரத்தின் சுமையும் குறைகிறது. சுவாசத்திற்கான புதுக்காற்றை ஈரம் நீக்கித் தனியே செலுத்தாவிட்டால் குளிர்ந்த கூரையில் நீர்த்துளிகள் அரும்பிவிடும் என்பதே இதில் கவனம் வேண்டும் இடம்.

இத்தகைய மாற்றங்களால் 2020ஆம் ஆண்டளவில் ஊழியர் ஒருவருக்கான மின்செலவு 2008ஐ விட 55 விழுக்காடு குறைந்தது. எனினும் இந்த எண்ணைத் தனியே எடுத்துப் பாராட்டுவது முறையாகாது. ஏனெனில் அதே காலத்தில் நிறுவனத்தின் ஊழியர் எண்ணிக்கை ஏறத்தாழ 91,000 என்பதிலிருந்து 2,42,000 ஆக உயர்ந்தது. தலைக்கு ஆகும் செலவு பாதிக்கும் கீழே இறங்கினாலும், தலைகள் இரண்டரை மடங்குக்கு மேல் பெருகுமிடத்தில் மொத்தச் செலவு குறைவதில்லை. வளிமண்டலமோ மொத்தத்தை மட்டுமே அறியும். ஆகவே சிக்கனத்தை அடுத்து எரிபொருள் மாற்றம் இன்றியமையாததாகிறது. முழு மின்தேவையையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து பெற உறுதியேற்கும் ஆர்ஈ100 என்னும் உலகளாவிய கூட்டமைப்பில் 2015இல் இணைந்த முதல் இந்திய நிறுவனம் இன்ஃபோசிஸ். போச்சாரம் வளாகத்திலும், கர்நாடகத்தின் சிராவிலும் அது சூரிய மின் நிலையங்களை அமைத்தது.

இவற்றிற்குப் பின்னும் எஞ்சும் உமிழ்வை வேறோரிடத்தில் குறைத்துக் கணக்கை நேர்செய்வதற்கு ஈடுசெய்தல் என்று பெயர். கிராமப்புற வீடுகளுக்குச் சாண எரிவாயுக் கலன்களும் விறகைச் சிக்கனமாக எரிக்கும் மேம்பட்ட அடுப்புகளும் வழங்கும் திட்டங்களின் வழியே அதைச் செய்து, 2018க்குள் எட்டுவதாக அறிவித்திருந்த கரிமச் சமநிலையை அந்நிறுவனம் 2019–20 நிதியாண்டில் எட்டியது. அடுக்களைப் புகையிலிருந்து பெண்களை விடுவிக்கும் இத்திட்டங்கள் தம்மளவில் நன்மை தருபவை என்பதில் ஐயமில்லை. ஆனால் குறைத்தல், மாற்றுதல், ஈடுசெய்தல் என்ற வரிசை தலைகீழாகும்போது, கண்ணாடிக் கட்டடத்தில் கதவைத் திறந்துவைத்து ஏ.சி.யை ஓட்டும் நிறுவனமும் பணம் கொடுத்துச் சமநிலைச் சான்று பெற்றுவிட முடியும். ஈடுசெய்தல் கடைசிப் படியாக இருக்கும்வரைதான் அதற்கு அறம் சார்ந்த மதிப்பு உண்டு.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022–23 முதல் தங்கள் ஆற்றல், நீர், கழிவு விவரங்களை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் எனச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்திருப்பதால், இந்த வரிசையைச் சரிபார்க்கும் வாய்ப்பு இப்போது பொதுமக்களுக்கும் கிடைத்திருக்கிறது. அவ்வறிக்கைகளைப் படிப்போர், சமநிலை எட்டப்பட்டதா என்று பார்ப்பதற்கு முன், மொத்த மின்செலவு ஆண்டுதோறும் எத்திசையில் செல்கிறது என்பதையே முதலில் தேட வேண்டும்.

அலுவலக வாசலுக்கு வெளியே நிகழும் மூன்றாம் வகை உமிழ்வுகளும், அவற்றுள் ஊழியர் போக்குவரத்தின் பங்கும் அடுத்த இதழில் ஆராயப்படும்.

(தொடரும்)