பி.ஏ. எகனாமிக்ஸ், விக்கிரமசிங்கபுரம்

என்ன படிக்கலாம்? – தொடர் 14

காமர்ஸ் கிடைக்கவில்லையா, எகனாமிக்ஸில் போடு. நம் கலைக் கல்லூரிகளில் பொருளாதாரத்துக்கு ஆள் சேர்வது பெரும்பாலும் இப்படித்தான். சேர்ந்த பிறகு நுண்ணியல், பேரியல், பொது நிதி, பன்னாட்டு வணிகம் என்று மூன்று வருடம் தாள் தாளாக எழுதுகிறார்கள். விருப்பப் பாடமாக வேளாண்மை, தொழிலாளர், சுற்றுச்சூழல் என ஏதாவது ஒரு கிளை வரும். யூனிட் ஐந்தாகப் பிரித்து, கைடு வாங்கி, பாஸும் ஆகிவிடுவார்கள். போன வாரம் புள்ளியியலைப் பார்த்தோம். இந்த வாரம் பொருளாதாரத்தைப் பார்க்க விக்கிரமசிங்கபுரம் எனும் வி.கே.புரம் வரை போய்வரலாம்.

அதற்கு முன் ஒரு பழைய கதை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக 1915இல் நியமிக்கப்பட்டவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்காக நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கே வந்ததும் மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அவரவர் ஊரைப் பற்றி எழுதிக்கொண்டு வரவேண்டும் என்றார். நிலம் யார் கையில் இருக்கிறது, குத்தகை எவ்வளவு, கடன் யாரிடம், கூலி நெல்லா காசா? அந்தப் பையன்கள் எழுதியவை 1918இல் புத்தகமாயின. அதில் வரும் ஊர்களில் ஒன்று நெல்லைக்கு வடக்கே இருக்கும் கங்கைகொண்டான். 1930களில் பொருளாதார அறிஞர்கள் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் வெங்கடேஷ் ஆத்ரேயா கங்கைகொண்டானுக்கு மறுபடி போனார். இன்று அங்கே சிப்காட் நிற்கிறது. ஒரே கிராமத்தைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பிப் பார்த்த பதிவு உலகத்திலேயே குறைவு. அதற்கு அஸ்திவாரம் போட்டவர்கள் விடுமுறைக்கு ஊர் வந்த கல்லூரி மாணவர்கள்.

வி.கே.புரத்துக்கு அப்படி ஒரு ஸ்லேட்டர் வாய்க்கவில்லை. ஆனால் ஒரு துறையின் பாதிப் பாடத்திட்டம் அந்த ஊரைச் சுற்றியே கிடக்கிறது.

ஊரின் பஞ்சு மில்லிலிருந்து ஆரம்பிக்கலாம். பருத்தி விளைவது கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில். துறைமுகம் தூத்துக்குடியில். ரயில் 1876இலேயே தூத்துக்குடியைத் தொட்டுவிட்டது. அப்படியிருக்க ஹார்வி சகோதரர்கள் 1880களில் ஆலை கட்டத் தேர்ந்தெடுத்தது ரயில் எட்டிப் பார்க்காத இந்த மலையடிவாரத்தை. அம்பாசமுத்திரம் பக்கம் ரயில் வந்ததே அடுத்த நூற்றாண்டில்தான். பிறகு ஏன்? பாபநாசத்தில் விழுகிற தண்ணீர். நிலக்கரியைக் கப்பலில் கொண்டுவந்து எரிப்பதைவிட, பஞ்சை மாட்டுவண்டியில் ஏற்றி அருவியிடம் கொண்டுபோவது மலிவு. எந்தத் தொழில் எந்த இடத்தில் போய் உட்காரும் என்று ஜெர்மானியர் ஆல்பிரட் வெபர் 1909இல் ஒரு கோட்பாட்டு நூலே எழுதினார். ஹார்விகள் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே கணக்குப் போட்டுவிட்டார்கள். இதே ஹார்விகளின் தூத்துக்குடி கோரல் மில்லில்தான் 1908இல் வ.உ.சி. முன்நின்ற வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் பொருளாதாரம் எடுக்கிறவர்கள் இங்கிலாந்து உதாரணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

மில் கேட்டைத் தாண்டித் தெருவுக்குள் வந்தால் பீடி. திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு பெண்கள் சுற்றுவார்கள். ஊறவைத்த இலையைத் தகர அளவு வைத்துக் கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, நூல் கட்டி, வாயை மடக்கினால் ஒரு பீடி. இலையும் தூளும் கம்பெனிக் கடையில் எடை போட்டுத் தருவார்கள். சுற்றியதைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோனால் அங்கே பிரித்துப் பார்த்து, பிடிக்காததைக் கழித்துவிட்டு, மீதியைக் கணக்கில் ஏற்றுவார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. "இலை பத்தலைன்னா நாமதான் வெளிய வாங்கிப் போடணும்" என்பது இந்தத் தெருக்களில் பழைய புகார்.

ஒரே ஊர். நூல் நூற்க ஆளை மதிலுக்குள் கூப்பிட்டு, சங்கு ஊதி வேலை வாங்கினார்கள். பீடி சுற்ற மட்டும் வேலையையே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

கிட்டத்தட்ட இந்தக் கேள்விதான் ரொனால்ட் கோஸுக்கும் வந்தது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இளநிலை மாணவராக இருந்தபோது, 1931–32இல் உதவித்தொகையில் அமெரிக்கா போய்த் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். எல்லாவற்றையும் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் நிறுவனம் என்று ஒன்று எதற்கு என்று கேட்டார். சந்தையில் பேரம் பேசி, ஆள் தேடி, ஒப்பந்தம் போடுவதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவு அதிகமாகும் இடத்தில் முதலாளி கூரை போடுகிறார் என்பது அவர் பதில். கட்டுரை வந்தது 1937இல், நோபல் பரிசு 1991இல்.

வி.கே.புரம் அந்தப் பதிலுக்கு இன்னும் இரண்டு வரி சேர்க்கும். மில் யந்திரத்தை வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாது. பீடிக்குக் கத்தரியும் சுளகும் போதும். அது தொழில்நுட்பம். மற்றது சட்டம். கூரைக்குக் கீழே கூட்டினால் தொழிற்சாலைச் சட்டம் வரும், சங்கம் வரும். வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் சொன்ன பிறகும் வேலை வீட்டிலேயேதான் இருக்கிறது. திண்ணை வாடகை, விளக்குக்குக் கரண்ட், முதுகுவலிக்கு மாத்திரை, பள்ளிக்கூடம் விட்டு வந்து இலை வெட்டித் தரும் பிள்ளையின் நேரம் எல்லாம் வீட்டுச் செலவு. கோஸின் கணக்கில் இந்த வரி இல்லை. அதை எழுத வேண்டியவர், அந்த வீட்டிலிருந்து பி.ஏ. படிக்க வரும் பெண்தான்.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் முதலாவதான கோடைமேலழகியான் இந்தப் பக்கம்தான். கார் சாகுபடிக்குத் தலைப்பில் எவ்வளவு தண்ணீர், கடைசியில் ஸ்ரீவைகுண்டத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது நீர்ப் பொருளாதாரம். மேலே மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம்: சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்ட 8,373 ஏக்கர். குத்தகை 2028இல் முடிகிறது. காடு காடாக வேண்டும் என்பதும் நியாயம். தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள் எங்கே போவது என்பதும் நியாயம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா என்பதுதான் சுற்றுச்சூழல் பொருளாதாரத்தின் முதல் கேள்வி. 1999 ஜூலை 23இல் அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் பிணமானதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மேற்கொண்டு படிக்க நினைக்கிறவர்கள் கணக்கைக் கைவிடாதீர்கள். நல்ல முதுகலைப் படிப்புகள் அதைத்தான் முதலில் சோதிக்கும். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுத முதுகலைப் பட்டமும் வேண்டும்.

பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடைசி செமஸ்டர் புராஜெக்ட் ஜெராக்ஸ் கடையிலேயே பைண்டிங்கோடு கிடைக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். இந்த வருடம் அதை வாங்காதீர்கள். பாபநாசம் திருவள்ளுவர் கல்லூரியோ, பாளையங்கோட்டைக் கல்லூரிகளோ, எதுவாக இருந்தாலும், ஆளுக்கு ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து அவரவர் தெருவுக்கு அனுப்புங்கள். அவர்கள் கொண்டுவருவதைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் நூலகத்தில் வையுங்கள்.