உதவித்தொகைக்கு ஜப்தி கிடையாது

மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வாங்குகிறவரின் ஏடிஎம் கார்டு சில ஊர்களில் அவரிடமே இருப்பதில்லை. கடன் கொடுத்தவரிடம் இருக்கிறது, பின் நம்பரோடு. பணம் ஏறியதும் அவரே எடுத்து, வட்டி போக மீதியைக் கையில் கொடுக்கிறார். கடன் வாங்கினால் இப்படித்தான் என்று குடும்பங்களும் பழகிவிட்டன. பழகக்கூடாத பழக்கம் இது.

கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு வென்று டிக்ரி வாங்கி வந்தாலும், சிலவற்றைத் தொட முடியாது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவில் அவற்றை வரிசைப்படுத்துகிறது: அரசு ஓய்வூதியம், பணிக்கொடை, கூலியாட்களின் கூலி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழில் செய்யும் கருவிகள், சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டமோ, உடல் இயலாமைக்காகவும் கருணை அடிப்படையிலும் அரசு வழங்கும் ஓய்வூதியத்தையும் கடனுக்காக ஜப்தி செய்யத் தடை விதிக்கிறது.

"பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேனே" என்று பலர் ஒடுங்கிப்போகிறார்கள். 60ஆம் பிரிவு தரும் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக யார் எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. அதே பிரிவிலேயே அப்படித்தான் சொல்லியிருக்கிறது. ஓய்வுக்காலப் பணத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவைத்தாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடாது என்று, பஞ்சாப் நேஷனல் வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. நீதிமன்ற ஜப்தி வேறு, உங்கள் கணக்கிலிருந்து வங்கி தன் கடனுக்கோ கட்டணத்துக்கோ தானே எடுத்துக்கொள்வது வேறு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் முதல்முறை வந்தபோதே சில வங்கிகள் அதைப் பிடித்துக்கொண்டன. அப்போதைய தமிழக நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டித்து, 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணில் புகார் செய்யச் சொன்னார். ஆகவே கடன் இருக்கும் வங்கியில் உதவித்தொகை ஏறவிடாதீர்கள். வேறொரு வங்கியில் மினிமம் பேலன்ஸ் கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, உதவித்தொகை அங்கே வர ஏற்பாடு செய்யுங்கள். அதில் வேறு பணத்தைக் கலக்காமல் இருந்தால், வழக்கு வந்தாலும் பாஸ்புக்கே சாட்சி சொல்லும்.

கார்டு அடுத்தவர் கையில் இருந்தால் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வங்கிக் கிளைக்குப் போய் அதை முடக்கச் சொல்லி, புதுக் கார்டு கேளுங்கள். மிரட்டினால் காவல் நிலையத்துக்குப் போங்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. குழுக் கடன் வசூலுக்கு வருகிறவர்களுக்கும் வரம்பு உண்டு: காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ கூப்பிடக்கூடாது, தகாத வார்த்தை பேசக்கூடாது, உறவினரையோ கூட வேலை செய்கிறவர்களையோ தொந்தரவு செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இந்தப் பாதுகாப்புகளால் கடன் தீர்ந்துவிடாது. வட்டி ஓடும், மறு கடன் கிடைப்பது கடினமாகும். தவணையைக் குறைத்துத் தரும்படி எழுத்தில் கேட்பது நல்லது.

வங்கி பிடித்தம் செய்திருந்தால் முதலில் கிளை மேலாளருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. வழி கேட்க 14448. நீதிமன்ற ஜப்தி உத்தரவே வந்திருந்தால், 60ஆம் பிரிவைக் காட்டி அதே நீதிமன்றத்தில் உடனே ஆட்சேப மனு போட வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் அங்கே வக்கீல் வைத்துத் தருவார்கள்.